மலாய் மொழியில் முதுகுவலி இயலாமை வினாப்படிவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகுவலியால் ஒருவருக்கு அன்றாட வேலைகள் எந்த அளவுக்குத் தடைப்படுகின்றன என்பதை அளக்க ஆங்கிலத்தில் நல்ல வினாப்படிவங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றை மலேசியாவின் மலாய் பேசும் நோயாளிகளுக்கு ஏற்றபடி மாற்றி, அது சரியாக அளக்கிறதா என்று சோதிக்க முற்படுபவர்களுக்காக இந்தப் பக்கம். பிசியோதெரபி, எலும்பியல், மறுவாழ்வு மருத்துவம் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது. புள்ளியியல் அச்சம் உள்ளவர்களும் படிக்கலாம்.

எம்ஆர்ஐ இருக்கும்போது வினாப்படிவம் எதற்கு?

முதுகெலும்பின் படமும் முதுகுவலியும் ஒன்றோடொன்று அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. படத்தில் தேய்மானம் உள்ளவர் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துக்கொண்டிருப்பார். படம் சுத்தமாக உள்ளவர் குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவார். இரண்டாமவருடைய நிலையை அவரிடமே கேட்டால்தான் அறிய முடியும். அப்படிக் கேட்பதை எல்லாரிடமும் ஒரே விதமாக, எண்ணாக மாற்றக்கூடிய முறையில் செய்வதுதான் வினாப்படிவம்.

2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகுவலி இருந்ததாகவும், 2050இல் அது 84.3 கோடியாகும் என்றும் உலக நோய்ச்சுமை ஆய்வு கணித்திருக்கிறது. இத்தனை பேரின் நோயை அளக்கும் கருவி ஆங்கிலத்தில் மட்டும் நன்றாக வேலை செய்தால் போதாது.

எந்தப் படிவத்தை எடுத்துக்கொள்வது?

பெரும்பாலும் போட்டி இரண்டுக்கு இடையில்தான். ஆஸ்வெஸ்ட்ரி இயலாமைக் குறியீடு 1980இல் வெளியானது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் உள்ள ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊரின் எலும்பியல் மருத்துவமனையில் பிறந்ததால் அந்தப் பெயர். பத்துப் பிரிவுகள்: வலியின் கடுமை, தன் உடலைப் பேணுதல், பாரம் தூக்குதல், நடத்தல், உட்காருதல், நிற்றல், உறக்கம், பாலுறவு, சமூக வாழ்க்கை, பயணம். ஒவ்வொன்றிலும் ஆறு வாக்கியங்கள், 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகையை நூற்றுக்கு மாற்ற வேண்டும். ஒரு பிரிவு விடுபட்டால் 50க்குப் பதில் 45ஆல் வகுக்க வேண்டும். ஒரே பிரிவில் இரண்டு வாக்கியங்களைக் குறித்திருந்தால் கூடுதல் மதிப்பெண் உள்ளதை எடுத்துக்கொள்வது வழக்கம்.

ரோலண்ட்–மோரிஸ் வினாப்படிவம் 1983இல் வந்தது. 136 கேள்விகள் கொண்ட ஒரு பொதுவான நோய்த்தாக்கப் படிவத்திலிருந்து 24 வாக்கியங்களைப் பொறுக்கி, பெரும்பாலானவற்றில் ‘என் முதுகின் காரணமாக’ என்று சேர்த்து உருவாக்கினார்கள். பொருந்துவதைக் குறித்தால் போதும். மதிப்பெண் 0 முதல் 24 வரை.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள், கடுமையான இயலாமை உள்ளவர்கள் என்றால் ஆஸ்வெஸ்ட்ரி பொருந்தும். மருத்துவமனைக்கு நடந்து வரும், ஓரளவு வலியுள்ள நோயாளிகளுக்கு ரோலண்ட்–மோரிஸ் நல்லது. இருபது கேள்விகள் கொண்ட கியூபெக் அளவுகோலும் உண்டு. 1995இல் வந்த அதுவும் கண்ணியமான கருவிதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கும் ஆய்வுகள் முதல் இரண்டுக்குத்தான் மிகுதி.

மலேசியர்கள் பலருக்கும் ஆங்கிலம் தெரியுமே?

கோலாலம்பூர் அலுவலகத்தில் வேலை செய்பவருக்குத் தெரியும். கிளந்தானில் புகையிலைத் தோட்டத்தில் குனிந்து வேலை செய்து முதுகைக் கெடுத்துக்கொண்ட அறுபது வயதுக்காரருக்குத் தெரியாது. முதுகுவலி இரண்டாமவரைத்தான் அதிகம் வாட்டுகிறது.

இந்தோனேசியப் பதிப்பு இருந்தால் அதையே பயன்படுத்தலாமா?

கூடாது. மலாயும் இந்தோனேசிய மொழியும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதால் வரும் ஆசை இது. இந்தோனேசியாவில் ‘தேவை’ என்ற பொருளில் சாதாரணமாக வழங்கும் ‘பூத்துஹ்’ என்ற சொல் மலேசியாவில் ஆபாசச் சொல். ‘உடுத்திக்கொள்ள எனக்கு உதவி தேவைப்படுகிறது’ என்ற வாக்கியத்தை அப்படியே கொடுத்தால், காத்திருப்பு அறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

ரோலண்ட்–மோரிஸ் படிவத்தை அதன் ஆசிரியர்கள் எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மொழிபெயர்க்கவும் விட்டுவிட்டார்கள். ஆஸ்வெஸ்ட்ரிக்கு உரிமம் உண்டு. மாப்பி ரிசர்ச் டிரஸ்ட் என்ற அமைப்பின் வழியாகக் கேட்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். கையில் உள்ளது எந்தப் பதிப்பு என்பதையும் பாருங்கள். இன்று பரிந்துரைக்கப்படுவது 2.1ஏ. இணையத்தில் சுற்றும் நகல்களில் பழையவையும், யாரோ கைவைத்து மாற்றியவையும் கலந்து கிடக்கின்றன.

மலேசிய சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் ஆய்வு நடத்தினால், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெற வேண்டும். பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குத் தனித்தனி நெறிமுறைக் குழுக்கள் உண்டு.

மொழிபெயர்ப்பை எப்படிச் செய்வது?

பீட்டனும் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியைத்தான் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். மலாயைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்கிறார்கள். ஒருவருக்கு நோயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும், மற்றவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. மருத்துவம் அறிந்தவர் மருத்துவரின் மொழியில் எழுதிவிடுவார் என்பதால்தான் இந்த ஏற்பாடு. பிறகு இரண்டையும் வைத்து ஒரே வரைவாக்குகிறார்கள். மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அந்த வரைவை ஆங்கிலத்துக்குத் திருப்புகிறார்கள்; இதுதான் பின்மொழிபெயர்ப்பு. எல்லாப் பிரதிகளையும் மேசையில் பரப்பி ஒரு குழு முடிவெடுக்கிறது. கடைசியில் 30 முதல் 40 நோயாளிகளிடம் முன்சோதனை.

பின்மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களாக இருக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. கிராமத்து மலாய் வரை நன்கு அறிந்த அத்தகையவரைத் தேடிப்பிடிப்பது கடினம். இரண்டு மொழிகளிலும் வளர்ந்த மலேசியரை வைத்துச் செய்துவிட்டு, அதை ஆய்வுக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதுவதே நேர்மை.

பின்மொழிபெயர்ப்பு மூலத்தோடு அச்சு அசலாக ஒத்துப்போனால் வெற்றிதானே?

எனக்கு அப்போதுதான் சந்தேகம் வரும். சொல்லுக்குச் சொல் பெயர்த்த மோசமான மலாய் வாக்கியம்தான் ஆங்கிலத்துக்கு மிக அழகாகத் திரும்பிப் போகும். மலாயில் இயல்பாக ஒலிக்கும் வாக்கியம் திரும்பும்போது சற்று வேறாகத்தான் இருக்கும். பின்மொழிபெயர்ப்பு பெரிய தவறுகளைக் காட்டும்: எதிர்மறை விடுபட்டது, ‘நான்கில் ஒரு பங்கு’ ‘நான்கு’ ஆனது போன்றவை. மொழி இயல்பாக இருக்கிறதா என்பதை அது காட்டாது.

ஆஸ்வெஸ்ட்ரியின் முதல் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். வலி இல்லை, மிக லேசானது, மிதமானது, ஓரளவு கடுமையானது, மிகக் கடுமையானது, கற்பனை செய்யக்கூடியதிலேயே மோசமானது என ஆறு படிகள். மலாயில் நடுப்படிக்கு ‘செடர்ஹானா’, அடுத்ததற்கு ‘ஆகாக் தெருக்’ என்று போட்டால் பின்மொழிபெயர்ப்பு கச்சிதமாக வரும். ஆனால் ‘ஆகாக்’ என்ற சொல் தணித்துப் பேசவும் பயன்படுவது. சிலர் அதை ‘செடர்ஹானா’வோடு ஒரே தட்டில் வைத்துவிடலாம். ஆறு படிகளையும் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, கலைத்துப் போட்டு, லேசானதிலிருந்து கடுமையானது வரை அடுக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

‘முதுகு’ என்பதற்கு எந்தச் சொல்?

எளிய கேள்விபோல் தோன்றும், குழுவின் பாதி நேரத்தை விழுங்கும். மலாயில் ‘பெலாக்காங்’ என்றால் முதுகு முழுவதும், பின்பக்கம் என்ற பொருளும் உண்டு. ‘பிங்காங்’ என்றால் இடுப்பைச் சுற்றிய பகுதி. கீழ்முதுகுவலிக்கு மக்கள் ‘சாகிட் பிங்காங்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் சிறுநீரகத்துக்குப் பெயர் ‘புவாஹ் பிங்காங்’. ‘பிங்காங் காரணமாக’ என்று திரும்பத் திரும்ப வாசிக்கும் நீரிழிவு நோயாளி தன் சிறுநீரகத்தை நினைத்துக்கொண்டு பதில் எழுதக்கூடும். தமிழில் ‘இடுப்பு வலி’ என்றதும் சிலருக்குப் பிரசவம் நினைவுக்கு வருவதைப் போலத்தான்.

சொல்லோடு மல்லுக்கட்டுவதைவிட நல்ல வழி, படிவத்தின் தலைப்பில் ஓர் உடல் படம் போட்டு, கடைசி விலா எலும்புக்குக் கீழிருந்து பிட்டத்தின் அடிமடிப்பு வரை நிழலிட்டுக் காட்டுவது. அதன்பின் எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் படம் காப்பாற்றும்.

மலேசிய வாழ்க்கையோடு பொருந்தாத கேள்விகளை என்ன செய்வது?

ரோலண்ட்–மோரிஸில் ‘காலுறை அணியச் சிரமப்படுகிறேன்’ என்று ஒரு வாக்கியம் உண்டு. வீட்டில் கைலியும் வெளியே செருப்புமாக வாழும் ஒருவர் அதைக் குறிக்க மாட்டார். அவருக்குச் சிரமம் இல்லாததால் அல்ல, காலுறையே இல்லாததால். அந்த வாக்கியம் கேட்க விரும்புவது பாதம் வரை குனிய முடிகிறதா என்பதை. எனவே ‘காலுறை, காலணி அல்லது காற்சட்டை’ என்று விரிப்பது நியாயம். ‘மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன்’ என்ற வாக்கியம் அடுக்குமாடியில் மின்தூக்கியில் போகிறவரிடமும், ஒற்றைத்தள வீட்டுக்காரரிடமும் இதே விதமாகத் தடுக்கும். ஆனால் படிகளை மலேசியர்கள் எல்லாரும் எங்கேயாவது ஏறுகிறார்கள், எனவே அதை விட்டுவைக்கலாம்.

‘சாய்வு நாற்காலியிலிருந்து எழ எதையாவது பிடிக்க வேண்டியிருக்கிறது’ என்பதில் இன்னொரு சிக்கல். கிராமத்து வீட்டில் விருந்துக்குப் போனால் ஆண்கள் சம்மணமிட்டும் பெண்கள் கால்களை ஒருபக்கமாக மடித்தும் தரையில் அமர்கிறார்கள். முதுகுவலிக்காரருக்கு உண்மையான சோதனை பாயிலிருந்து எழுவதுதான். ஆஸ்வெஸ்ட்ரியின் ‘மைல்’ மலேசியாவுக்கு ஒத்துவராது, கிலோமீட்டருக்கும் மீட்டருக்கும் மாற்ற வேண்டும். 1.6 கிலோமீட்டர் என்று கணக்குப் பிசகாமல் எழுதி நோயாளியைக் குழப்பாதீர்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் என்றால் போதும். குழு முடிவெடுத்ததையும் காரணத்தையும் எழுதி வையுங்கள், கட்டுரையை மதிப்பிடுபவர் கட்டாயம் கேட்பார்.

தொழுகையைப் பற்றிய கேள்வியைச் சேர்க்கலாமா?

சேர்க்கத் தோன்றுவது இயல்பு. தினமும் ஐந்து வேளை நின்று, குனிந்து, மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்து எழும் ஒருவருக்கு, முதுகு எந்த நாளில் மறுத்தது என்பது துல்லியமாக நினைவிருக்கும். நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கிய நாளை மறப்பவர் குறைவு. மலாய் முஸ்லிம் நோயாளியின் இயலாமையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு செயலை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இருந்தாலும் மூலப் படிவத்துக்குள் நுழைக்கக் கூடாது என்பதே என் நிலை. 24 வாக்கியங்கள் 25 ஆனால், பாங்காக்கிலோ லண்டனிலோ கிடைத்த மதிப்பெண்ணோடு ஒப்பிடும் தகுதி போய்விடும். மலாய் பேசும் நோயாளிகள் எல்லாரும் முஸ்லிம்களும் அல்லர். படிவத்தின் முடிவில், மதிப்பெண்ணில் சேராத தனிக் கேள்வியாக வையுங்கள். ‘குனியவோ மண்டியிடவோ தவிர்க்கிறேன்’ என்ற மூல வாக்கியத்தோடு அந்தப் பதில் எப்படி ஒத்துப்போகிறது என்று பார்த்தால், அதுவே ஒரு நல்ல ஆய்வுக் கண்டுபிடிப்பு.

பாலுறவு பற்றிய பிரிவை நீக்கிவிடலாமா?

ஆஸ்வெஸ்ட்ரியில் அதிகம் காலியாக விடப்படும் பிரிவு இது. படிவத்திலேயே ‘பொருந்தினால்’ என்ற குறிப்பு உண்டு, விட்டவர்களுக்கு 45ஆல் வகுக்கும் வழியும் உண்டு. எனவே நீக்க வேண்டியதில்லை. ‘ஹுபுங்கான் சுவாமி இஸ்திரி’, அதாவது கணவன்–மனைவி உறவு என்ற மரியாதையான வழக்கு மலாயில் இருக்கிறது. திருமணமானவர்களை மட்டுமே அது குறிக்கும் என்ற குறையோடுதான். யார் கேட்கிறார்கள் என்பது சொல்லைவிட முக்கியம். இளம் பெண் பயிற்சியாளர் ஒருவர் வயதான ஆணிடம் வாய்விட்டு வாசித்தால் இருவருக்கும் தண்டனை. நோயாளியே தனியாக நிரப்பி உறையில் போட்டுத் தரட்டும். எத்தனை பேர் விட்டார்கள் என்பதை வயது, பால்வாரியாகக் கட்டுரையில் கொடுங்கள்.

முன்சோதனையில் என்ன கேட்க வேண்டும்?

‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். மருத்துவமனையில் யாரும் ‘புரியவில்லை’ என்று சொல்ல மாட்டார்கள். ‘இந்த வாக்கியத்தை உங்கள் வீட்டில் ஒருவருக்கு எப்படிச் சொல்வீர்கள்?’, ‘இதைக் குறித்தபோது எந்த வேலை மனத்தில் இருந்தது?’ என்று கேளுங்கள். கிளந்தான், கெடா வட்டார வழக்கு பேசுபவர்களையும், குறைவாகப் படித்தவர்களையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். தலைநகரின் ஒரே மருத்துவமனையில் முப்பது பட்டதாரிகளைப் பிடித்து முன்சோதனையை முடிப்பது எளிது, பயனற்றது. எல்லாக் கட்டங்களிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

எத்தனை நோயாளிகள் தேவை?

கேள்விகள் தமக்குள் ஒத்துப்போவதைச் சோதிக்கக் குறைந்தது 100 பேர், மறுசோதனைக்குக் குறைந்தது 50 பேர். எந்தக் கேள்விகள் ஒன்றுசேர்ந்து ஒரே விஷயத்தை அளக்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு செய்தால் கேள்வி எண்ணிக்கையைப் போல ஏழு மடங்கு, ஆனால் நூறுக்குக் குறையாமல். ரோலண்ட்–மோரிஸுக்கு அது 168.

க்ரோன்பாக் ஆல்ஃபா 0.90 வந்துவிட்டது. படிவம் ஏற்புடையதாகிவிட்டதா?

இல்லை. கேள்விகள் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றன என்பது மட்டுமே அதன் பொருள். 0.70க்கும் 0.95க்கும் இடையில் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று சந்தேகப்படலாம். ஆல்ஃபாவை மட்டும் போட்டுவிட்டுத் தலைப்பில் ‘ஏற்புடைமை ஆய்வு’ (அளக்க வேண்டியதையே படிவம் அளக்கிறதா என்ற ஆய்வு) என்று எழுதும் பழக்கம் விட வேண்டிய ஒன்று. ரோலண்ட்–மோரிஸ் ஆம்–இல்லை வகை என்பதால் ஆல்ஃபாவின் பெயர் கேஆர்-20 என்று மாறும். காரணிப் பகுப்பாய்விலும் சாதாரண ஒட்டுறவை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

மறுசோதனை நம்பகத்தன்மையை எப்படிப் பார்ப்பது?

அதே நோயாளியிடம் மீண்டும் நிரப்பக் கொடுங்கள். மிக விரைவில் கொடுத்தால் முந்தைய பதில் நினைவிருக்கும், மிகத் தாமதித்தால் வலியே மாறியிருக்கும். ஒன்று முதல் இரண்டு வாரம் வழக்கமான இடைவெளி. புதிதாக முதுகு பிடித்துக்கொண்டவர்கள் அதற்குள் குணமாகிவிடுவார்கள் என்பதால், மூன்று மாதத்துக்கு மேல் வலியுள்ளவர்களை எடுங்கள். இரண்டாம் முறை ‘நிலை மாறியதா?’ என்று தனியாகக் கேட்டு, மாறவில்லை என்றவர்களை மட்டும் கணக்கில் சேருங்கள்.

இங்கேதான் மருத்துவருக்குப் பயன்படும் எண் கிடைக்கிறது. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு: ரோலண்ட்–மோரிஸ் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு) 6, உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு (இரு முறையும் கிடைத்த மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது; 1 என்றால் முழு ஒற்றுமை) 0.90 என்று வைத்துக்கொள்வோம். கெழுவைப் பார்த்தால் பெருமைப்படத் தோன்றும். அளவீட்டுப் பிழை 6ஐ 0.10இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 1.9. அதை 1.96ஆலும் 2இன் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால் 5.3. அதாவது ஒரு தனி நோயாளியின் மதிப்பெண் 14இலிருந்து 10க்கு இறங்கியிருந்தால், அது உண்மையான முன்னேற்றமா அளவீட்டுத் தடுமாற்றமா என்று சொல்ல முடியாது. ஆறு புள்ளி மாறினால்தான் நம்பலாம். 0.90 என்று மட்டும் எழுதும் கட்டுரை இதை மறைத்துவிடுகிறது.

நோயாளிக்கு முக்கியமான மாற்றம் எவ்வளவு என்பது வேறு கேள்வி. 2008இல் வந்த ஒருமித்த பரிந்துரை ரோலண்ட்–மோரிஸுக்கு 5 புள்ளி, ஆஸ்வெஸ்ட்ரிக்கு 10 புள்ளி, அல்லது தொடக்கத்திலிருந்து 30 சதவீத மாற்றம் என்கிறது.

ஏற்புடைமையை எதனோடு ஒப்பிட்டுக் காட்டுவது?

பொன் தரமான அளவுகோல் இல்லாததால், எதிர்பார்ப்புகளை முன்கூட்டியே எழுதி வைத்துச் சோதிக்க வேண்டும். பொதுவான உடல்நலத்தை அளக்கும் எஸ்எஃப்-36 படிவத்தின் மலாய்ப் பதிப்பிலுள்ள உடல் இயக்கப் பகுதியோடு வலுவான எதிர் ஒட்டுறவு இருக்க வேண்டும், அதாவது ஒன்றில் மதிப்பெண் ஏறினால் மற்றதில் இறங்க வேண்டும். வலி அளவுகோலோடு மிதமாக இருக்க வேண்டும், மிக அதிகமாக இருந்தால் படிவம் வலியை மட்டுமே அளக்கிறது. மருத்துவ விடுப்பில் இருப்பவர்களின் மதிப்பெண் வேலைக்குப் போகிறவர்களைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். எழுதிவைத்தவற்றில் 75 சதவீதமாவது நிறைவேறினால் நல்லது. முடிவைப் பார்த்த பிறகு எதிர்பார்ப்பை எழுதாதீர்கள். 15 சதவீதத்துக்கு மேற்பட்டோர் மிகக் குறைந்த அல்லது மிக அதிக மதிப்பெண்ணில் குவிந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

காலியாக விட்ட வாக்கியம் ‘இல்லை’யா, ‘படிக்கவில்லை’யா?

ரோலண்ட்–மோரிஸின் பெரிய பலவீனம் இது. பொருந்துவதை மட்டும் குறி என்பதால், இரண்டாம் பக்கத்தைத் திருப்பாதவரும் நலமாக இருப்பவரும் ஒரே மதிப்பெண் பெறுவார்கள். ஆம், இல்லை என்று இரு பெட்டிகள் வைப்பது தீர்வு, ஆனால் வடிவம் மாறியதைக் குறிப்பிட வேண்டும். வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். அவர்களைத் தனிக் குழுவாகப் பதியுங்கள். ஒரே நோயாளிக்கு முதல்முறை வாசித்துக் காட்டி, இரண்டாம் முறை அவரையே நிரப்பச் சொல்லாதீர்கள்.

மலேசியத் தமிழருக்கு மலாய்ப் படிவம் கொடுக்கலாமா?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர் 6.7 சதவீதம், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். தேசியப் பள்ளியில் படித்த இளைஞர் மலாயில் தயங்காமல் நிரப்புவார். தோட்டத்தில் வாழ்ந்து முதிர்ந்தவர் மலாயில் சந்தைக்குப் போவார், மாமாக் (தமிழ் முஸ்லிம்) உணவுக்கடையில் பேசுவார், ஆனால் ‘ஆகாக் தெருக்’குக்கும் ‘சங்காட் தெருக்’குக்கும் (மிகக் கடுமையானது) நடுவே தன் வலியை வைக்கச் சொன்னால் தமிழில்தான் யோசிப்பார். ஆஸ்வெஸ்ட்ரியின் தமிழ்ப் பதிப்பு ஒன்று 2014இல் வெளியாகியிருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பத்துப் பதினைந்து மலேசியத் தமிழ் நோயாளிகளிடம் வாக்கியம் வாக்கியமாகப் பேசிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மலாய்ப் படிவத்தைச் சோதிக்கும் ஆய்விலோ, பங்கேற்பாளரின் தாய்மொழி எது, வீட்டில் பேசுவது எது என்ற இரு கேள்விகளை முதல் பக்கத்திலேயே கேட்டு வையுங்கள். இனம் என்ற ஒரே கட்டத்தை வைத்து மொழியை ஊகிக்க வேண்டாம்.